உருளை வார்ப்பில் குளிர்தலைக் கட்டுப்படுத்துதல்: சில் மோல்டு, கழுத்து, போர்வை

சூடான தகடு உருட்டும் ஆலைகளின் இறுதி ஸ்டாண்டுகளில் (உருளைகளைத் தாங்கும் சட்டங்களில்) ஓடும் உலோகக்கலவை இரும்பு உருளை ஒன்றை வார்க்கும்போது, உருகிய இரும்பு மோல்டுக்குள் (வார்ப்பு அச்சுக்குள்) புகுவது தொடங்கி உருளை கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கும் வரை அதன் குளிர்தலை அளந்து, எந்தெந்த இடத்தில் கைவைக்கலாம் என்று முடிவு செய்து, அவ்வாறே செய்து பார்த்த வேலையின் பதிவு இது. உருளையின் உடல் விட்டம் கடைசல் முடிந்தபின் 480 மில்லிமீட்டர், உடலின் நீளம் 1000 மில்லிமீட்டர், இருபுறக் கழுத்துகளின் (உடலின் முனைகளிலிருந்து நீளும் ஒடுங்கிய தண்டுகளின்) விட்டம் 270 மில்லிமீட்டர். முடிந்த உருளையின் எடை ஏறத்தாழ 1.7 டன். கலவையில் கார்பன் 3.3, சிலிக்கான் 0.75, மாங்கனீசு 0.7, நிக்கல் 4.3, குரோமியம் 1.7, மாலிப்டினம் 0.35 விழுக்காடு.

இத்தொழிலில் இதனை இண்டெஃபினிட் சில் வகை என்பார்கள்; சில் என்பது, விரைவாகக் குளிர்வதால் மேற்பரப்பு வெள்ளையாகவும் கடினமாகவும் உறைவது. மேற்பரப்பிலிருந்து உள்ளே போகப் போகக் கார்பைடு (கார்பன் உலோகத்தோடு சேர்ந்த கடினமான சேர்மம்) குறைந்து கிராஃபைட் (தனியாகப் பிரிந்த மென்மையான கார்பன்) கூடும். ஆனால் கார்பைடு மிகுந்த வெண்வார்ப்பிரும்பு இங்கே முடிந்தது, கிராஃபைட் மிகுந்த சாம்பல் வார்ப்பிரும்பு இங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. குரோமியம் கார்பைடு பக்கம் இழுக்கிறது. நிக்கலும் சிலிக்கானும் கிராஃபைட் பக்கம் இழுக்கின்றன. இந்த இழுபறியில் எது எவ்வளவு வெல்லும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது, 1150 டிகிரிக்குச் சற்றுக் கீழே உள்ள யூடெக்டிக் உறைதலை (எஞ்சிய திரவம் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் உறையும் கட்டத்தை) உலோகம் எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதுதான். எனவே கலவையை மட்டும் சரிபார்த்துவிட்டு ஊற்றிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

சரிசெய்ய வேண்டியிருந்த குறைகள் இரண்டு. ஒரே உருளையின் உடலில் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே ஷோர் அளவுகோலில் ஐந்து, ஆறு எண்கள் வரை கடினத்தன்மை வேறுபட்டது. இரண்டு, மூன்று எண்களுக்குள் இருந்தால்தான் உருளையின் பரப்பில் தேய்மானம் சீராக இருக்கும். இரண்டாவதாக, சில உருளைகளில் மேற்கழுத்து உடலோடு சேரும் வளைவில், கடைசல் இயந்திரத்தில் தோல் எடுக்கும்போது (மேலடுக்கைச் சீவும்போது), சுற்றுவாக்கில் ஒரு மயிரிழை விரிசல் தென்பட்டது. முதல் குறை உறையும்போதே உண்டாவது. இரண்டாவது, உறைந்து முடிந்த உலோகம் சுருங்கும்போது உண்டாவது. குளிர்தல் என்ற ஒரே பெயரில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால், ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றொன்றைக் கெடுத்துவிடும்.

மோல்டின் அமைப்பு வழக்கமானதுதான். நின்றநிலை வார்ப்பு, உடலுக்கு உள்விட்டம் 500, சுவர்க்கனம் 170 மில்லிமீட்டர் கொண்ட சாம்பல் வார்ப்பிரும்பு வளையங்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக (இவையே சில் மோல்டு), இருபுறக் கழுத்துகளுக்கும் மணல் பெட்டிகள். உருகிய இரும்பு கீழ்க்கழுத்தின் அடியில் தொடுகோட்டுத் திசையில் புகுவதால் சுழன்றபடி மேலேறுகிறது. அச்சுழற்சியில் கசடு நடுவே ஒதுங்கி, உடலின் பரப்பு சுத்தமாக வருகிறது. மேற்கழுத்தின் மேல் ரைசர் (உறைந்து சுருங்கும் உலோகத்துக்குத் திரவம் ஊட்டும் மேல்தொட்டி); நிரம்பியவுடன் வெப்பம் உமிழும் பொடி தூவி, பின்னர் சூடான இரும்பை அதில் கூடுதலாக ஊற்றுவோம்.

கலவையின் ஏற்றத்தாழ்வு குளிர்தலின் கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதால், ஒவ்வொரு முறையும் ஊற்றுமுன் ஆப்பு வடிவச் சோதனைத் துண்டு வார்த்து, உடைத்து, முனையில் வெள்ளையாக உறைந்த பகுதியின் ஆழத்தைப் பார்த்து, அது எங்கள் வரம்புக்குள் வரும் வரை லேடிலில் (உருகிய இரும்பு இருக்கும் கலத்தில்) ஃபெர்ரோசிலிக்கான் சேர்த்துச் சரிசெய்தோம். ஊற்று வெப்பநிலையை 1330 டிகிரியை ஒட்டியே வைத்துக்கொண்டோம்.

அளவீட்டுக்கு, கீழ், நடு, மேல் என மூன்று உயரங்களில், இரும்பு மோல்டின் வெளிப்புறத்திலிருந்து துளையிட்டு, உட்பரப்பிலிருந்து 10 மில்லிமீட்டர் தொலைவில் ஒன்றும் 60 மில்லிமீட்டர் தொலைவில் ஒன்றுமாகக் கே வகைத் தெர்மோகப்பிள்களை (வெப்பநிலை அளக்கும் கம்பி இணைகளை)ப் பொருத்தினோம். ஆழமான துளையில் தெர்மோகப்பிள் முனை அடியைத் தொடாமல் காற்றில் தொங்கினால் அளவு பல நொடிகள் பின்தங்கிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் சிறிய சுருள்வில்லால் அழுத்தி நிறுத்தினோம். கழுத்துப் பகுதியில், உலோகத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி மணலுக்குள் ஒரு கே வகை. ரைசரில் சிலிக்கா குழாய்க்குள் ஓர் எஸ் வகை. உருகிய இரும்பின் சூட்டில் கே வகையை நம்பக் கூடாது.

இரண்டு ஆழங்களில் அளப்பதன் பயன், வெப்பநிலையோடு வெப்ப ஓட்டத்தையும் கணக்கிட முடிவதே. சூடேறிய சாம்பல் இரும்பின் வெப்பக்கடத்தல் திறன் மீட்டருக்கும் டிகிரிக்கும் ஏறத்தாழ 40 வாட். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் தொலைவில் 250 டிகிரி வேறுபாடு இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலிருந்தும் ஏறத்தாழ 200 கிலோவாட் வெப்பம் மோல்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கும் நேரத்தில் இது தோராயமான கணக்குதான். ஆயினும் மேல், நடு, கீழ் என ஒப்பிட்டுப் பார்க்க இதுவே போதும்.

வரைகோடுகளைப் பார்த்தவுடன் கண்ணில் பட்டது, உட்புறத் தெர்மோகப்பிளின் ஏற்றம் தொடக்கத்தில் செங்குத்தாக இருந்து, ஓரிரு நிமிடங்களுக்குள் சட்டென்று சாய்ந்துவிடுவதுதான். உறைந்த ஓடு மோல்டுச் சுவரிலிருந்து விலகும் தருணம் அது. ஓடு உள்நோக்கிச் சுருங்குகிறது. அதே வேளையில் மோல்டின் உட்பரப்பு சூடேறி வெளிநோக்கி விரிகிறது. 250 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஓடு 150 டிகிரி இறங்கினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும்; மோல்டு சராசரியாக 300 டிகிரி ஏறினால் அதன் உள்ஆரம் 0.8 மில்லிமீட்டர் கூடும். இரண்டும் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காற்றிடைவெளி. அதற்குப்பின் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே கடக்கிறது. தொட்டுக்கொண்டிருந்தபோது இருந்த வேகத்தில் ஒரு சிறு பகுதிதான் மிஞ்சுகிறது. இரும்பு மோல்டு உருளையின் பரப்பை ஆள்வது இந்த இடைவெளி திறக்கும் வரைதான் என்பது என் முடிவு. உருளையின் பயன்படு அடுக்கான (தேய்ந்து தீரும் வரை வேலைக்கு உதவும் மேலடுக்கான) 40 மில்லிமீட்டர் ஆழம் உறைவது முதல் சில நிமிடங்களில். எனவே கடினத்தன்மைக்காக எதைச் செய்வதானாலும் அதை ஊற்றுவதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.

மோல்டுக்கு வெளியே தண்ணீர் தெளித்தால் சில் ஆழம் கூடாதா என்று பலர் கேட்பதுண்டு. 170 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புச் சுவரின் உட்புறத்தில் நடப்பதை வெளிப்புறம் உணரவே ஏறத்தாழ பத்து நிமிடங்கள் ஆகின்றன. வெளியே செய்யும் குளிர்ச்சி உள்ளே போய்ச் சேருவதற்குள் பயன்படு அடுக்கு உறைந்து முடிந்திருக்கும். மிஞ்சுவது மோல்டு வெடிக்கும் ஆபத்து மட்டுமே.

சரி, ஊற்றுவதற்கு முன் என்ன செய்யலாம்? முதலில் மோல்டின் தொடக்க வெப்பநிலை. 500 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு மீட்டர் நீள உடலில் உள்ள இரும்பு ஏறத்தாழ 1430 கிலோ. அது 200 டிகிரி இறங்கி முழுவதும் உறைவதற்குள் கிலோவுக்கு ஏறத்தாழ 380 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். அதே நீளத்தில் மோல்டின் எடை ஏறத்தாழ 2600 கிலோ. அந்த வெப்பம் முழுவதையும் மோல்டே வாங்கிக்கொண்டால், மோல்டு சராசரியாக 400 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஏறும். இவ்வளவுதான் அதன் கொள்ளளவு. முந்தைய வார்ப்பின் சூடு ஆறாமல் 220 டிகிரியில் இருக்கும் மோல்டையும், 120 டிகிரியில் இருக்கும் மோல்டையும் ஒன்றாக எண்ணி ஊற்றிவிட்டு, உருளைக்கு உருளை கடினத்தன்மை ஏன் மாறுகிறது என்று கலவையில் தேடுவது வீண். ஆனால் நூறு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது; ஈரம் படிந்து ஊதுதுளைகள் உண்டாகும். 120 முதல் 140 டிகிரி என்று வரம்பு வைத்து, இரண்டு ஆழங்களின் அளவும் ஒன்றாக நின்ற பின்னரே ஊற்ற அனுமதித்தோம். பர்னரால் அவசரமாகச் சூடேற்றினால் உட்பரப்பு மட்டும் 140 காட்டும். உள்ளே 70 இருக்கும்.

இரண்டாவது, பூச்சு. சிர்கான் மாவுப் பூச்சைச் சூடான மோல்டின் மீது மெல்லிய படலங்களாகத் தெளிக்கிறோம். அரை மில்லிமீட்டர் பூச்சுக்கும் ஒரு மில்லிமீட்டர் பூச்சுக்கும் முதல் நிமிடத்தில் பெரும் வேறுபாடு உண்டு. இடைவெளி திறந்தபின் அது கணக்கிலேயே வராது. தெளிப்பவர் மேலே நின்று துப்பாக்கியைக் கீழே இறக்குவதால், கை எட்டும் மேற்பகுதியில் தடித்தும் அடியில் மெலிந்தும் பூச்சு படிவது இயல்பு. சூடான சுவரில் படிந்தவுடனே காய்ந்துவிடுவதால் ஈரத் தடிமன் அளக்கும் சீப்பு உதவவில்லை. அதற்கு மாற்றாக, தடிமன் அளந்து குறித்த மெல்லிய எஃகுத் தகடுகளைக் காந்தத்தால் மூன்று உயரங்களில் சுவரோடு ஒட்டவைத்து, தெளித்து முடித்தபின் எடுத்து, மைக்ரோமீட்டரில் மீண்டும் அளந்து, வேறுபாட்டைப் பூச்சின் தடிமனாக எடுத்துக்கொண்டோம். தகடு இருந்த இடத்தைத் தூரிகையால் நிரப்பிவிடலாம். எளிய வேலைதான், ஆனால் தடிமன் எண்ணாகக் கைக்கு வந்தபின்தான் தெளிப்பவரோடு பேசுவதற்கு ஒரு பிடி கிடைத்தது.

மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாட்டில் எதிரெதிராக இயங்கும் விளைவுகள் உண்டு. அடியிலிருந்து நிரப்புவதால் கீழ்ப்பகுதிச் சுவரைச் சூடான உலோகம் நெடுநேரம் கழுவிக்கொண்டு போகிறது. மேற்பகுதிக்கு வந்து சேரும் உலோகம் சற்று ஆறியிருக்கிறது. மறுபுறம், அடியில் உலோகத்தின் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் ஓடு சுவரோடு அழுந்தி நிற்கிறது, இடைவெளி தாமதமாகத் திறக்கிறது. எங்கள் மோல்டில் இரண்டாவது விளைவே ஓங்கியிருந்தது. அடியில் மெலிந்த பூச்சும் அதற்குத் துணைபோய், கீழ்முனை கூடுதல் கடினமாக வந்தது. இதை உறுதிசெய்துகொண்டு, கீழ்ப்பகுதியில் 0.9, நடுவில் 0.7, மேலே 0.6 மில்லிமீட்டர் என்று பூச்சை வேண்டுமென்றே சரிவாக அமைத்தோம். மூன்று உயரங்களின் தொடக்க ஏற்றமும் ஒன்றையொன்று நெருங்கின.

இரண்டு வளையங்கள் சேரும் இடத்தில் மட்டும் ஒரு மென்மையான பட்டை தொடர்ந்து வந்தது. வளையங்களின் விளிம்பில் பூச்சு திரண்டு நிற்பதும், மூட்டை அடைக்கப் பூசிய களிமண் உள்ளே பிதுங்குவதும் காரணம். மூட்டின் முகங்களைக் கடைந்து, களிமண்ணை வெளிவிளிம்பில் மட்டும் வைத்து, உள்விளிம்பில் திரண்ட பூச்சைச் சுரண்டிச் சமன்செய்தோம்.

இனி விரிசல். அதிகக் கவனம் கேட்ட பகுதி இதுதான். 1000 மில்லிமீட்டர் நீள உடல், உறைந்தபின் 300 டிகிரி இறங்குவதற்குள் நீளவாக்கில் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்குகிறது. அந்நேரத்தில் உடலின் ஓடு திடமாகவும், மேற்கழுத்தின் உள்பகுதி இன்னும் குழைவாகவும் இருக்கும். சுருங்கும் உடல் தன்னோடு மேற்கழுத்தையும் கீழே இழுத்துக்கொண்டு வர வேண்டும். கீழே வரவிடாமல் ஏதேனும் பிடித்துக்கொண்டால், உருளை தன் மேல்தோளில் தொங்கும்; ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட எடையும் சுருக்கத்தின் இழுவையும், வலிமை வராத அந்த வளைவின் மீது விழும். வளைவு அப்போதே கிழிகிறது. பின்னால் எத்தனை நாள் மெதுவாக ஆறவைத்தாலும் அது ஒட்டாது.

பிடித்துக்கொள்வது எது என்பதைப் பிரித்தெடுத்த மோல்டிலேயே பார்க்க முடிந்தது. மேற்பெட்டி இரும்பு வளையத்தின் மேல் அமரும் மூட்டில், உருளையின் தோளைச் சுற்றி, நகக்கனத்தில் ஒரு பிசிர் (மூட்டின் இடுக்கில் கசிந்து உறைந்த மெல்லிய இரும்பு) வெளிநீண்டிருந்தது. அதன் அடிப்பக்கம் வளையத்தின் விளிம்பில் அழுந்திப் பளபளத்தது. பார்வைக்கு அற்பமான அந்தப் பிசிரே உருளையைத் தாங்கி நின்றிருக்கிறது. விரிசல் உள்ள உருளைகளில் பிசிர் நீண்ட பக்கமும் விரிசல் ஆழமான பக்கமும் ஒன்றாகவே இருந்தன.

ஆகவே மேற்பெட்டி அமரும் முகத்தைக் கடைந்து, மணல் விளிம்பை வளையத்தின் உள்விட்டத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, பிசிர் பாயும் வழியையே இல்லாமல் செய்தோம். மேற்கழுத்து மணலின் பிணைப்பியைக் குறைத்து, வளைவுக்குப் பின்னால் மரத்தூள் கலந்த ஓர் அடுக்கை வைத்தோம். சூடேறியதும் அது எரிந்து இளகி வழிவிடும். வளைவின் முகமணலாக மட்டும் குரோமைட் மணல். சிலிக்கா மணலை விட அது விரைவாக வெப்பத்தை இழுப்பதால், உடலோடு ஒப்பிடும்போது வளைவு நெடுநேரம் குழைவாகக் கிடப்பது குறைகிறது. பெட்டிகளை வளையத்தோடு இறுக்கும் கவ்விகளை, ரைசர் இன்னும் திரவமாக இருந்தாலும் உடலின் ஓடு தாங்கும் அளவுக்குத் தடித்தபின், தளர்த்திவிட்டோம். எப்போது தளர்த்துவது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வதை விட, நடு உயரத்தின் வெப்ப ஓட்டம் சாய்ந்து நிலைத்ததைப் பார்த்து முடிவு செய்வதையே விரும்புகிறேன். விட்டம் மாறினால் கடிகாரக் கணக்கு பொய்க்கும். உறையும் நேரம் கன அளவுக்கும் பரப்புக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று குவோரினோவ் 1940இல் வெளியிட்ட விதிப்படி, விட்டம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும்.

உறைதல் முடிந்தபின் நோக்கம் தலைகீழாகிறது. அதுவரை வெப்பத்தை இழுக்க விரும்பியவர்கள், இனி உடலும் கழுத்தும் மேற்பரப்பும் நடுவும் ஒன்றோடொன்று விலகாமல் இறங்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். மணல் பெட்டிக்குள் கழுத்து வெப்பத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. உடலோ இரும்பு மோல்டின் வழியாகத் திறந்த காற்றுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. எனவே உட்புறத் தெர்மோகப்பிள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கி, இரண்டு ஆழங்களின் அளவும் சேர்ந்துவரும் வேளையில், இரும்பு மோல்டைச் சுற்றி 50 மில்லிமீட்டர் செராமிக் இழைப் போர்வையைக் கட்டி, மூட்டுகளில் காற்று புகும் இடங்களை அதே இழையால் அடைத்தோம். போர்வையை முன்னதாகக் கட்டினால் மோல்டு மிகையாகச் சூடேறி வளைந்து, அடுத்த வார்ப்புக்கே பயன்படாமல் போகலாம். பின்னதாகக் கட்டினால் வேறுபாடு ஏற்கெனவே உண்டாகியிருக்கும்.

இந்தக் கலவையில் நிக்கல் மிகுதியாக இருப்பதால், மெதுவான குளிர்தலிலும் ஆஸ்டெனைட் (உயர்சூட்டில் இரும்பு கொள்ளும் அகக்கட்டமைப்பு), மெதுவாக ஆறும்போது வழக்கமாக வரும் பேர்லைட்டாக மாறாமல் நழுவி, 350 டிகிரிக்குக் கீழே பெய்னைட்டாகவும், 200 டிகிரியை ஒட்டியும் அதற்குக் கீழும் மார்ட்டென்சைட்டாகவும் மாறுகிறது; இரண்டும் பேர்லைட்டை விடக் கடினமான கட்டமைப்புகள். இந்த மாற்றத்தில் உலோகம் விரிகிறது. மேற்பரப்பு முதலில் மாறி விறைத்துவிடுகிறது. நடுப்பகுதி பின்னால் மாறும்போது விரிந்து மேற்பரப்பை உள்ளிருந்து தள்ளுகிறது. இரண்டுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவு அந்தத் தகைவு. ஆறிவிட்டது என்று தோன்றும் கடைசிப் பகுதி, ஆபத்தில் எதற்கும் குறைந்ததில்லை. மோல்டின் வெளிப்புறம் கைபொறுக்கும் சூட்டில் இருப்பதைப் பார்த்துப் பிரிக்கும் வழக்கத்தை நிறுத்தி, கழுத்து மணலின் தெர்மோகப்பிள் 100 டிகிரிக்குக் கீழே வந்தபின்தான் பிரித்தோம். அந்த அளவுதான் எப்போதும் கடைசியாக இறங்குகிறது. மோல்டு நாள்கணக்கில் முடங்குவதால் உற்பத்திப் பிரிவு முணுமுணுத்தது. முணுமுணுப்பு நியாயமே, ஆனால் அதற்குத் தீர்வு கூடுதல் மோல்டுகள்தான்.

பிரித்தபின் எஞ்சிய ஆஸ்டெனைட்டைக் குறைக்கவும் தகைவைத் தணிக்கவும் உலையில் மணிக்கு 15 டிகிரிக்கு மிகாமல் ஏற்றி, 430 டிகிரியில் நிறுத்தி, அதே வேகத்தில் உலைக்குள்ளேயே இறக்கினோம். இதில் புதிதாக எதையும் மாற்றவில்லை.

தோல் எடுத்தபின் உடலின் சுற்றளவில் நான்கு கோடுகளிலும் பல உயரங்களிலும் ஷோர் எண் 73க்கும் 76க்கும் இடையே நின்றது. வளையங்கள் சேரும் இடத்திலும் அது இந்த வரம்பைத் தாண்டவில்லை. வளைவில் ஊடுருவு சாயச் சோதனையிலும் மீயொலிச் சோதனையிலும் விரிசல் அறிகுறி இல்லை. சுற்றுவாக்கில் ஒரு பக்கம் மட்டும் ஓர் எண் குறைவாக வருவது இன்னும் எஞ்சியிருக்கிறது; மேல்வளையத்தின் மையம் கீழ்வளையத்தோடு ஒரு மில்லிமீட்டர் விலகியிருப்பதை அளந்து கண்டிருக்கிறோம். அமரும் முகத்தில் மையப்படுத்தும் படி ஒன்றைக் கடைவதும், 600 மில்லிமீட்டர் விட்ட உருளைக்குப் போர்வை கட்டும் நேரத்தை இதே தெர்மோகப்பிள்களைக் கொண்டு கண்டறிவதும் அடுத்த வேலைகள்.